தொப்பியைக் கண்டோம், மனிதரைக் கண்டோமா?

சங்கரன்கோவிலின் நெசவுத் தெருக்களில் தறி ஓய்ந்த பிற்பகல்களில், தொலைக்காட்சியில் ஜெய்சங்கர் குதிரையேறி வருவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அகன்ற தொப்பி, இடைவாரில் துப்பாக்கி, பின்னால் எழும் புழுதி. உடனே நம்மில் ஒருவர் நகைப்பார்: இது அமெரிக்கனிடம் வாங்கிய இரவல் வேடம், கூத்தாடியின் வாழ்விலே கிறிஸ்தவனுக்கு என்ன பாடம்? இந்த நகைப்பை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

வேடம் இரவல்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘கன்ஸ்மோக்’ தொடர் 1955 முதல் 1975 வரை ஓடியது; காவல் அதிகாரியாக ஜேம்ஸ் ஆர்னஸ் நடித்தார். இத்தகைய கதைகள் உலகெங்கும் பரவிய நாள்களில்தான் கர்ணன் இயக்கத்தில் ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972) ஆகியவை ஜெய்சங்கர் நடிப்பில் வெளிவந்தன. ஆனால் இரவல் என்பதாலேயே ஒன்று இழிந்ததாகிவிடுமா? நம் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், மேலைநாட்டு அகர வரிசை முறையைத் தமிழுக்குக் கொணர்ந்து 1732இல் சதுரகராதி தந்தார். அதை இரவல் என்று தள்ளினோமா? முனிவரையும் நடிகரையும் நாம் சமமாக்கவில்லை. அளவுகோல் ஒன்றாயிருக்கட்டும் என்கிறோம்.

துப்பாக்கி வழங்கும் நீதி நற்செய்தியின் நீதியன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். வாளை உறையிலே போடச் சொன்னவரின் சீடர்கள் நாம். எனினும் திரையிலே சுடுகின்றவர் வேறு. திரைக்கு வெளியே வாழ்ந்தவர் வேறு.

1965ஆம் ஆண்டு பொங்கலன்று வெளியான ‘இரவும் பகலும்’ அவரது முதற்படம். பின்னர் குறைந்த செலவில், குறைந்த நாள்களில் முடியும் படங்களில் அடுத்தடுத்து நடித்தார். ‘வெள்ளிக்கிழமை நாயகன்’ என்னும் பெயரே அவருக்கு வழங்கியது. அந்தப் படங்கள் காவியங்கள் அல்ல. ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் தச்சர், ஒப்பனையாளர், விளக்குத் தூக்குவோர், சண்டைக் கலைஞர் ஆகியோரின் வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஊதியப் பாக்கிக்காகத் தயாரிப்பாளரை நெருக்காதவர், ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களைத் தேடிச் சென்றவர் என்று திரையுலகத்தார் பலர் அவரை நினைவுகூர்ந்துள்ளனர். நாயகன் நாற்காலியையும் அவர் இறுகப் பற்றவில்லை. 1980இல் ‘முரட்டுக்காளை’யில் ரஜினிகாந்துக்கு எதிராக வில்லன் வேடமேற்றார். 2000ஆம் ஆண்டு ஜூன் 3 அன்று மறைந்தார்.

அவர் தமக்கு வரவேண்டியதைப் பொறுத்துக்கொண்டது பெருந்தன்மை. கொடாதவரின் குற்றம் அதனால் கரைந்துவிடாது. உழைப்பவனுக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே சுற்றுமடல் எழுதினார். பிடித்துவைத்த கூலி கடவுளிடம் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகம் எச்சரிக்கிறது. நாமோ அதைக் கோவிலில் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். நம்முள் தறி வைத்திருப்போர் உண்டு. கடை நடத்துவோர் உண்டு. வேலைக்கு ஆள் அமர்த்தியோர் உண்டு. திருவிழா நன்கொடையை ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்யும் அதே கை, சனிக்கிழமைக் கூலியை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதில்லையா?

அன்பு வாசகரே, அடுத்த முறை அந்தத் தொப்பியைக் கண்டு நகைக்குமுன், நம் கணக்கேட்டைத் திறந்து பார்ப்போம். அதில் யாருடைய கூலியேனும் பாக்கி நின்றால், முதலில் அதைக் கொடுத்துவிட்டு வருவோம். நடிகரின் வாழ்வில் பாடமுண்டா என்னும் வாதத்தைப் பிறகு தொடர்வோம்.