கூலி இருக்கா?

ஜெர்மனி ஆபீஸில் யாராவது "கூலி இருக்கா?" என்று கேட்டால் முறைக்காதீங்க, பேனாதான் கேட்கிறார். பால்பாயிண்ட் பேனாவுக்கு இங்கே அதுதான் பெயர். 1928-ல் ஹாம்பர்க்கில் 'டின்டென்கூலி', அதாவது மைக்கூலி, என்று ஒரு பேனா விற்றார்கள். அதில் இருப்பது நம்ம கூலிதான்.

குஜராத்தின் கோலி இனப் பெயர்தான் மூலம் என்பவர்களும் உண்டு. எனக்குத் தமிழ்தான் சரியாகப் படுகிறது. குறள் 619-ல் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பலன், ஆள் இல்லை. தோட்டத்துக்கும் கப்பலுக்கும் ஆள் பிடித்த ஐரோப்பியர் வாயில் சம்பளமே ஆளின் பெயராகிவிட்டது. சீனர்கள் அதே ஒலிக்கு 'கசப்பு', 'பலம்' என்ற இரண்டு எழுத்துகளைப் போட்டார்கள். இதைவிடப் பொருத்தமாக யாரும் எழுதியதில்லை! தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர்களைத் திட்டும் வசை. காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள்.

நம்ம ஐ.டி. பசங்க "நாமெல்லாம் கம்ப்யூட்டர் கூலிங்கடா"ன்னு சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரலை. விசா பயத்தில் ஓவர்டைம் காசைக் கேட்க மாட்டோம். பட்டப்பெயரை மட்டும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்குவோம். வேலை நேரத்தைப் பதிவு செய்வது முதலாளியின் கடமை என்று 2022-லேயே ஜெர்மன் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் சொல்லியாச்சு. உங்க கம்பெனியில் அந்தப் பதிவு இருக்கான்னு திங்கட்கிழமை கேட்டுப் பாருங்க.