‘நாம சாதிச்சோம்’னு ஸ்லைடு போடுறது யாரு? போடி மலைப்பாதையில் ஒரு ஆபீஸ் பாடம்!

உங்க ஆபீஸிலும் நடந்திருக்கும். மூணு மாசத்துக்கு ஒரு டவுன்ஹால். போன வருடச் சாதனைகள் ஸ்லைடு ஸ்லைடாக ஓடும். கைதட்டுவோம், கேக் வெட்டுவோம், குரூப் போட்டோ லிங்க்ட்இன்னில் ஏறும். மறுநாள் காலையில் அதே போட்டோவில் சிரித்த ரெண்டு பேர் ரெஸ்யூமே அப்டேட் செய்துகொண்டிருப்பார்கள்.

பழைய வெற்றிகளைக் கொண்டாடினால் டீமுக்குப் பெருமிதம் வரும் என்பது ஹெச்.ஆர். வட்டாரத்தின் நம்பிக்கை. அது பொய்யில்லை. ஆனால் சில இடங்களில் ஏன் ஒட்டவே மாட்டேங்குது? பதில் தேடி பெங்களூரு வரை போக வேண்டாம், போடிநாயக்கனூருக்கு வாங்க.

போடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எல்லை தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு சாயங்காலம் இறங்குவார்கள். ஏலக்காய் உச்சிக் கிளையில் தொங்குகிற சமாச்சாரம் இல்லை. செடியின் அடியில், தரையோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்து, முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்கணும். பிஞ்சு கலந்தால் உலர்த்தும்போது சுருங்கிப்போகும், விலை விழும். சுமார் 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்தால்தான் 1 கிலோ ஏலக்காய். இதை ‘திறன் குறைந்த வேலை’ என்று யாராவது சொன்னால், ஒரு நாள் அந்த ஜீப்பில் ஏற்றிவிடலாம்.

2019 ஆகஸ்ட்டில் இடுக்கி மாவட்டம் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோவுக்கு அதிகபட்சம் 7,000 ரூபாயைத் தொட்டது. அதுவரை காணாத விலை. பதமான காயைத் தேர்ந்தெடுத்த விரல்களுக்கும் அந்தச் சாதனையில் பங்கு உண்டுதானே? ஆனால், தினக்கூலி ஏல விலையோடு சேர்த்துக் கட்டப்பட்டதில்லை. அப்படியிருக்க, அந்த 7,000-ஐ ‘நம்ம டீம் சாதனை’ என்று ஜீப்பில் யார் கொண்டாடுவார்கள்? தனக்குப் பங்கில்லாத வெற்றிக்குக் கைதட்டச் சொன்னால் கை தட்டும், மனசு தட்டாது.

அதே ரோட்டில் பூப்பாறை தாண்டிப் போனால் மூணாறு. போடிக்கும் மூணாறுக்கும் ஆதிகாலத் தொடர்பு. இன்று நாம் செல்ஃபி எடுக்கும் டாப் ஸ்டேஷன், ஒருகாலத்தில் தேயிலைப் பெட்டிகளை ரோப்வே வழியாகக் கீழே கொட்டகுடி பக்கம் இறக்கிய இடம். அங்கிருந்து சரக்கு போடிக்கு வரும். மேலே கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள்தான்.

2005-ல் டாடா டீ அந்தத் தோட்டங்களிலிருந்து விலகியபோது, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புது கம்பெனி பிறந்தது. பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்கள் கையில். கொழுந்து பறிக்கும் அக்காவும் பங்குதாரர். ‘நாமெல்லாம் முதலாளிகள்’ என்பதைவிட பெரிய பெருமிதக் கதையை எந்த ஹெச்.ஆர். மூளையாலும் எழுத முடியாது. கதையிலும் உண்மை இருந்தது, நஷ்டத்தில் தத்தளித்த தோட்டங்கள் ஊழியர்களை வைத்தே எழுந்து நின்றன.

பத்து வருடம் கழித்து, 2015 செப்டம்பர். பெண்கள் கேட்டது 20 சதவிகித போனஸ். லாபம் குறைஞ்சுபோச்சு, 10 சதவிகிதம்தான் என்றது நிர்வாகம். அன்றைக்குத் தினக்கூலி 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து பறித்தாகணும். ‘முதலாளிகள்’ ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறை முடக்கினார்கள். லிஸ்ஸி சன்னி, கோமதி, ராஜேஸ்வரி போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். ஆண்கள் நடத்திய தொழிற்சங்கங்களையே தள்ளி நிற்கச் சொன்னார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. சுமார் ஒன்பது நாளில் 8.33 சதவிகித போனஸும் 11.67 சதவிகிதக் கருணைத்தொகையும் சேர்த்து, கேட்ட 20 கைக்கு வந்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாயானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. ஒரே தோட்டம், அதே பெண்கள், ரெண்டு சாதனைக் கதைகள். ‘நீங்கள் பங்குதாரர்’ என்பது மேலிருந்து வந்த கதை. ‘நாங்க உட்கார்ந்தோம், வாங்கினோம்’ என்பது அவர்களே சொன்ன கதை. முதல் கதை போனஸ் நோட்டீஸ் வந்த அன்றே உடைந்தது. இரண்டாவது, அந்த நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களை வேட்பாளர்களாக நிற்கவைத்தது. கோமதி உட்பட சிலர் ஜெயிக்கவும் செய்தார்கள்.

ரொம்ப ரொமான்டிக்காகவும் பார்க்க வேண்டாம். பிறகு இயக்கத்துக்குள் பிளவு வந்தது, கட்சிகள் இழுத்தன. 2020 ஆகஸ்ட்டில் பெட்டிமுடி நிலச்சரிவு லயங்களைப் புதைத்து 70 உயிர்களை எடுத்தபோது, சொந்த நிலம், சொந்த வீடு என்ற பழைய கோரிக்கையோடு கோமதி மறுபடி ரோட்டுக்கு வர வேண்டியிருந்தது. ஒரு வெற்றியின் நினைவு வீடு கட்டித் தராது. ஆனால் எங்கே போய் நிற்கணும்னு தெரிஞ்சிருந்தது.

ஹார்வர்டு பேராசிரியர் தெரசா அமாபிலி, 7 கம்பெனிகளின் 238 ஊழியர்களிடமிருந்து சுமார் 12,000 நாட்குறிப்புகளைச் சேகரித்து ஆராய்ந்தார். வேலையில் உற்சாகம் தந்தவற்றில் முதலிடம், தான் மதிக்கும் வேலையில் ‘இன்னைக்கு ஒரு அடி நகர்ந்தேன்’ என்ற உணர்வுக்கு. மேனேஜர்களிடம் கேட்டபோது, அவர்கள் அதைக் கடைசி இடத்தில் வைத்திருந்தார்கள்! டவுன்ஹால் ஸ்லைடுகள் ஏன் எப்போதும் வருமானத்தில் ஆரம்பிக்கின்றன என்பது இப்போது புரியுதா?

நீங்கள் டீம் லீடாக இருந்தால் அடுத்த முறை ஸ்லைடை நீங்கள் செய்யாதீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வரை எழுப்பிய பையனிடம், கோபமான கஸ்டமரை நாற்பது நிமிஷம் பேசிச் சமாளித்த பெண்ணிடம் மைக்கைக் கொடுங்கள். நடந்ததைப் பெயரோடு, தேதியோடு அவர்களே சொல்லட்டும். ‘ஆனா அந்த மாசம் இன்சென்டிவ் வரலை’ என்று அதே மைக்கில் வந்தால், உடனே பிடுங்கிவிடாதீர்கள். இன்னும் டீம் லீட் ஆகவில்லையா? அப்போ உங்க டீம் ஜெயித்த நாட்களை இன்னைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பிங்க, அப்ரைசல் நேரத்துல கை கொடுக்கும்.