ஆய்வேடு ஊர் திரும்ப வேண்டும்

வவுனியாவிலிருந்து வடக்கே கிளிநொச்சியை நோக்கிச் செல்லும் ஏ-9 பெருவீதியில், நெடுங்கேணிக்குப் பாதை பிரியும் சந்தியாகிய புளியங்குளம், இன்று இரு உயர்கல்வி நிலையங்களுக்கு இடைப்பட்ட ஊராகிவிட்டது. தெற்கே பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம். வடக்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள். 1997ஆம் ஆண்டில் இச்சந்தி, ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கையின் பெயரோடு சேர்ந்து மாதக்கணக்கிற் செய்தித்தாள்களில் அடிபட்டது. அதே ஆண்டில்தான் வவுனியா வளாகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக உருவாயிற்று. 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

இம்மாற்றம் பெயர்ப்பலகை மாற்றத்தோடு நின்றுவிடுவதன்று. தன் மூதவையின் அங்கீகாரத்தால், தன் பெயராலேயே, கலாநிதிப் பட்டம் வழங்கும் பொறுப்பு ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்கிறது. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு வகுத்துள்ள 12 படிகளில் உச்சிப்படி அது. முழுநேரமாக முயன்றாலும் குறைந்தது 3 ஆண்டுகள் வேண்டும். முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, காலந்தோறும் முன்னேற்ற அறிக்கை சமர்ப்பித்து, மேற்பார்வையாளர் இசைந்தபின் கலாநிதிப் பதிவுக்கு உயர்த்தப்பெற்று, ஈற்றில் வாய்மொழிப் பரீட்சையில் வெளிவாரிப் பரீட்சகருக்கு விடையிறுத்து முடிப்பதற்குள், பகலிற் பாடசாலையிற் கற்பித்து இரவிற் படிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு அது பல வருஷ விரதமாகிவிடுகிறது.

இவ்வளவு பிரயாசைப்பட்டு இப்பட்டத்தை நாடுவோரில் ஞானவேட்கை ஒன்றினாலேயே வருபவரும் உளர்; ஆயின் பெரும்பாலோரை இழுத்து வருவது உத்தியோக விதி. தகுதிகாண் விரிவுரையாளராக நியமனம் பெற்றவர் 8 ஆண்டுகளுக்குள் உயர்பட்டம் பெற்றாலன்றி அவர் பதவி உறுதியாவதில்லை. சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்னும் மேற்படிகளுக்கோ கலாநிதிப் பட்டம் ஏறக்குறைய நுழைவுச் சீட்டாகவே ஆகிவிட்டது. இந்தியாவில் 2018ஆம் ஆண்டு விதிகள், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கே இப்பட்டம் வேண்டுமென்று வற்புறுத்தின. நடைமுறைப்படுத்தும் நாள் 2021இலிருந்து 2023க்குத் தள்ளிப்போய், 2023இல் விதியே கைவிடப்பட்டது. அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் 1903இலேயே இம்மோகத்தைக் கண்டித்து எழுதினார். கல்விநிலையம் ஒன்றில் இலக்கியம் கற்பிக்க நியமனம் பெற்ற மதிநுட்பம் வாய்ந்த இளைஞர் ஒருவருக்குக் கலாநிதிப் பட்டம் இல்லையென்பது பின்னர் தெரியவந்தபோது, அக்கல்விநிலையத்து நிருவாகிகள் அடைந்த கலக்கத்தை அவர் எள்ளி நகையாடிய விதம் இன்றும் சுவைகுன்றாதது. நமது நாட்டிலோ 2024 டிசம்பர் 13ஆம் திகதி, தமது கலாநிதிப் பட்டத்துக்குரிய ஆவணத்தை உடனடியாகக் காட்ட இயலாத நிலையில், பாராளுமன்றச் சபாநாயகர் அசோக ரன்வல பதவி துறக்க நேர்ந்தது. பெயருக்கு முன்னால் நிற்கும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு மவுசு இருப்பதனாலன்றோ கலியாண அழைப்பிதழிலும் கோயில் திருவிழா மலரிலும் அதனை மறவாமல் அச்சிடுகிறார்கள்!

இவ்வாறு கூறுவதனாற் பட்டம் வீண் என்பது அடியேன் கருத்தன்று. சுவாமி விபுலாநந்தர் கலாநிதிப் பட்டம் பெறாமலே 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ‘யாழ் நூல்’ போன்ற ஆராய்ச்சியை அவரிடத்துப் பட்டம் எதுவும் தூண்டவில்லை. ஆனால் விபுலாநந்தர் போன்றோர் நூற்றாண்டுக்கு ஒருவர். ஏனையோரைப் பக்குவப்படுத்துவதற்கு ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. ‘தினகரன்’ ஆசிரியராயிருந்த க. கைலாசபதி, பர்மிங்ஹாம் சென்று, கிரேக்க இலக்கிய அறிஞரான ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்று, சங்க வீரயுகப் பாடல்களைக் கிரேக்கக் காவியங்களோடு ஒப்பிட்டு எழுதிய ஆய்வேடு 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் நூலாக வெளிவந்தது. பத்திரிகாசிரியரின் வேகத்துக்கு ஆராய்ச்சியாளனின் நிதானத்தைக் கற்பித்தது அப்பயிற்சியே என்பதில் ஐயமில்லை. அவர் ஊர் திரும்பி, 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகவும் ஆனார். இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்ட சு. வித்தியானந்தனோ, பட்டத்தோடு அமர்ந்துவிடாமல், மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கூத்தாடும் அண்ணாவிமாரைத் தேடிச் சென்று அக்கலையை மேடைக்குக் கொணர்ந்தார். பட்டம் அவர்களுக்கு ஒரு முடிவாகவன்றித் தொடக்கமாக அமைந்தது.

இக்காலத்தில் போனவர் திரும்பிவருவதே அரிதாகிவிட்டது. கல்வி விடுப்பிற் கடல்கடந்து சென்ற விரிவுரையாளர் அங்கேயே தங்கிவிட, அவருக்குப் பிணை நின்ற நண்பரோ உறவினரோ பல்கலைக்கழகக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணங்கட்ட வழி தேடுவதும், வெற்றிடத்தைத் தற்காலிக விரிவுரையாளர் ஒருவர் நிரப்பிக்கொண்டிருப்பதும், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாடெங்கும் மலிந்த காட்சி. போனவரைக் குறைகூறுவது எளிது; சம்பளச் சீட்டைப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதிற் குறைகூறார்.

ஆள் திரும்பாவிடினும் ஆய்வேடாவது திரும்பலாமே என்பதுதான் கேள்வி. போர் முடிந்தபின் புளியங்குளம் உள்ளிட்ட வன்னி நிலம் ஆராய்ச்சியாளர்க்கு அரிய களமாயிற்று. மீள்குடியேற்றம், பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், கண்ணிவெடி அகற்றல், காட்டு யானை, சிறு குளங்களின் புனரமைப்பு என்று எத்தனையோ பொருள்களில் உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் தரவு திரட்டினர். கணவனை இழந்த தாயொருத்தி தன் கதையை ஒருவருக்குச் சொல்லி, அடுத்த ஆண்டு இன்னொருவருக்குச் சொல்லி, பின்னர் வந்தவருக்கும் அலுக்காமற் சொன்னாள். அக்கதை எந்த நூலகத்தில் எந்த மொழியில் வைக்கப்பட்டிருக்கிறதென்பது அவளுக்குத் தெரியாது.

சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுவோம். 1990களில் அநுராதபுரப் பிரதேசத்திற் கவனத்துக்கு வந்த, காரணம் விளங்காத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், வயலில் தெளிக்கும் இரசாயனம், கொளுத்தும் வெயிலில் உடல் நீர் வற்றுதல் என்று பல கருத்துகள் முன்வைக்கப்பட்டும், வித்துவான்கள் இன்னும் ஒருமுகமாகவில்லை. ஆய்வு செய்பவர் வந்து, கிணற்று நீரைப் போத்தலில் எடுத்து, இலக்கமிட்ட ஒட்டுத்தாளை அதன்மேல் ஒட்டி, வீட்டுக்காரரின் வயது, தொழில், எத்தனை வருஷமாக அந்நீரைக் குடிக்கிறார் என்பனவற்றை வினாக்கொத்தில் நிரப்பிக்கொண்டு புறப்படுகிறார். “தம்பி, அப்ப இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ?” என்று அம்மனிதர் கேட்கும் ஒரே கேள்விக்கு, “பரிசோதனை முடிவு வந்ததும் சொல்லுறம் ஐயா” என்பது விடை. முடிவு வரத்தான் செய்கிறது. ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தில், ஆங்கிலத்தில், அவர் கிணறு ஓர் இலக்கமாக அட்டவணையொன்றில் நிற்கிறது. அவரோ கலன் கொண்டு சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறார்.

வன்னியைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் முதலிற் புரட்டும் நூல், ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் 1895இல் வெளியிட்ட கைந்நூல். அது அரசாங்க நிருவாகத்துக்கென எழுதப்பட்டது. அதன்பின் எழுந்த ஆய்வேடுகள் பல அதனினும் நுட்பமானவை. ஆயினும் குளக்கட்டிலே நிற்கும் கமக்காரருக்கு அவை அந்நூலினும் தூரமானவை. ஆங்கிலத்தில் எழுதுவதே குற்றமென்று வாதிடுவது மூடத்தனம். விஞ்ஞானம் உலகோடு பேசவேண்டும். தரவு கொடுத்தவரோடும் அது பேசவேண்டும் என்பதே நமது வழக்கு. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் ஆய்விதழ்களிற் கட்டுரை வெளியிட்டுப் பதவி உயர்வுக்குப் புள்ளி சேர்ப்பதைக் கல்வியுலகம் சகித்துக்கொள்ளுமாயின், ஊரவருக்கு விளக்கஞ் சொல்வதற்கு ஒரு புள்ளி வழங்குவது எவ்வாறு தரக்குறைவாகும்?

வவுனியாப் பல்கலைக்கழகம் இளமையானது. பழைய வழக்கங்கள் அதன் காலைக் கட்டவில்லை. வன்னியில் தரவு திரட்டிய ஒவ்வொரு கலாநிதி ஆய்வாளரும், பட்டமளிப்புக்கு முன், இருபது பக்க அளவில் தமிழிற் சுருக்கமொன்றை எழுதி, ஆட்பெயர்களை மறைத்து, தரவு பெற்ற ஊரின் பாடசாலைக்கும் பிரதேச சபை நூலகத்துக்கும் கையளித்து, ஒரு மாலைப் பொழுதில் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் அதனை விளக்கி, கேள்விகளுக்கு விடை கூறவேண்டும் என்று ஒரு விதியை அது இயற்றலாம். இதற்குக் கட்டடம் வேண்டா, வெளிநாட்டுக் கடன் வேண்டா. அச்சுச் செலவும் ஒரு மாலையும் போதும். கிளிநொச்சியிலுள்ள பீடங்களும் இதனைப் பின்பற்றலாம். மூதவை உறுப்பினர்கள் இக்கோரிக்கையை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிற் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.