நடந்ததை விட்டுவிட்டு எந்தச் சமாதானம்?

போரில் உயிர் தப்பியவர்கள் யாழ்ப்பாணத் தீவகப் பாடசாலைகளுக்கு வந்து சமாதானம் பற்றிப் பேசலாம், ஆனால் தங்களுக்கு நடந்ததைச் சொல்லக்கூடாது என்று சிலர் வாதிடுகிறார்கள். பிள்ளைகளின் மனம் கெடும், வெறுப்பு வளரும், போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்தக் கதை எதற்கு என்கிறார்கள். அக்கறையின் பெயரால் சொல்லப்படும் கொடுமையான வாதம் இது.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து காலையில் புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள் கடற்படையினர் என்பது தப்பியவர்களின் சாட்சியம். பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். கைக்குழந்தையையும் விடவில்லை. இறந்தவர்கள் 23 பேர் என்று ஒரு பதிவு, 36 பேர் என்று இன்னொன்று. சாட்சிகளின் வாயை அடைத்தால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதுகூடத் தீராத வழக்காகிவிடும் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. படகைத் திருத்தினார்கள், அது மறுபடியும் ஓடியது. அந்தப் படகிலிருந்து உயிரோடு வந்தவரை மாணவர் முன் நிறுத்தி, படகைப் பற்றிப் பேசாதே என்பது அவரை இன்னொரு முறை அவமதிப்பது.

வெறுப்பு வளருமாம். வீட்டில் பாதி கேட்டு, மீதியைத் தானே கற்பனை செய்துகொள்ளும் பிள்ளையிடம்தான் அது வளரும். அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது 'அவங்கள் வெட்டினவங்கள்' என்ற ஒற்றை வரி. யார் ஏறினார்கள், என்ன செய்தார்கள் என்று கண்டவர் சொன்னால்தான், குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு விகாரைக்குப் போகப் படகுக்குக் காத்து நிற்கும் தென்பகுதிக் குடும்பத்துக்கும் அந்தக் குற்றத்துக்கும் தொடர்பில்லை என்று பிள்ளைக்கு விளங்கும். மௌனம் எல்லாரையும் ஒரே கூட்டமாக்கும். சாட்சியம்தான் குற்றவாளியைத் தனியே பிரித்துக் காட்டும்.

2009க்குப் பின் பிறந்தவர்கள் என்கிறீர்கள். இதே தீவகத்தின் அல்லைப்பிட்டியில் 2006 மே மாதம் 13 பேர் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட்டில் ஷெல்லடிக்குப் பயந்து தேவாலயத்துக்குள் ஓடிய சனமும் செத்தது. அங்கே அவர்களோடு நின்ற பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அதே மாதம் 20ஆம் திகதி காணாமற்போனார், இன்றுவரை தகவல் இல்லை. இன்றைய மாணவர்களின் தாய் தகப்பன் பட்டது இது. அதைப் பழங்கதை என்று எந்த மனதோடு சொல்கிறீர்கள்?

சின்ன வகுப்புகளுக்கு வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். சாதாரண தர, உயர்தர மாணவர்களுக்குச் சொல்லட்டும், நம்பிக்கையான ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எவ்வளவு சொல்வது என்பதைப் பேசுபவரே தீர்மானிக்கட்டும். ஹிரோஷிமாவில் தப்பியவர்களுக்கு வயதாகிறது என்று, அவர்களின் அனுபவத்தைக் கேட்டுச் சொல்வதற்கு அடுத்த தலைமுறையினரை 2012 முதல் அந்த நகரமே பழக்கிவருகிறது. குமுதினியில் 20 வயதில் இருந்தவருக்கு இப்போது 60 கடந்துவிட்டது. நாங்கள் இன்னும் அனுமதி பற்றித்தான் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பக்கத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் விரட்டினார்கள். அப்படிப் போன ஒருவரும் அதே மாணவர்கள் முன் பேச வேண்டும். அவருக்குத் தடை போடும் தமிழருக்கும் என் பதில் இதுவேதான்.

சமாதானமா, கோபமா, மன்னிப்பா என்பது பேச வருபவரின் முடிவு. அவர் வாயில் வைக்க வசனம் எழுதிக்கொடுக்கும் உரிமை, அந்தப் படகில் ஏறாத எவருக்கும் கிடையாது.