எல்லா வயித்து நோவும் கேஸ்டிக் இல்லை

எங்கட வீடுகளில ஒரு வருத்தத்துக்குப் பேர் தெரியாட்டி அதுக்கு வைக்கிற பேர் கேஸ்டிக். நெஞ்சு எரிஞ்சாலும் கேஸ்டிக், வயிறு ஊதினாலும் கேஸ்டிக், தலை சுத்தினாலும் கேஸ்டிக். பாமசிக்குப் போய் அந்த ஒரு சொல்லைச் சொன்னா போதும், மாத்திரைக் கார்ட் ஒன்றை வெட்டித் தருவாங்கள். துண்டு கேக்கமாட்டாங்கள், எத்தனை நாளா நோகுது என்றும் கேக்கமாட்டாங்கள். என்ட அம்மா இப்படி ஒரு வருசத்துக்கு மேல பித்தப்பைக் கல்லுக்கு கேஸ்டிக் மாத்திரை குடிச்சவ. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. ஆனா அம்மாவைப் பற்றி மட்டும் இல்லை.

நாங்கள் இருக்கிறது பேலியகொடையில. 2011இல மத்திய மீன் சந்தை புறக்கோட்டையில இருந்து இங்க வந்த பிறகு, இந்தப் பக்கத்தில கனபேரின்ட நாள் நடுச்சாமத்திலதான் தொடங்குது. அப்பாவும் சந்தையில வேலை. அவர் போறதுக்கு அம்மா ஒரு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி போடுவா. பிறகு பிள்ளைகள், சமையல், தையல். வெறும் தேத்தண்ணியில பகல் பன்னிரண்டு வரைக்கும் இழுத்துட்டு, அதுக்குப் பிறகு ஒரே இருப்பில நல்லா சாப்பிடுவா: பொரிச்ச மீன், தேங்காய்ப்பால் கறி, சோறு. இரவும் பிந்தித்தான். அவவுக்கு நோவு வந்ததெல்லாம் இப்படிச் சாப்பிட்ட நாட்களிலதான். வலப்பக்க விலா எலும்புக்குக் கீழ பிடிச்சு, முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும். ஒரு மணித்தியாலம், சிலநேரம் மூன்று மணித்தியாலம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கிப் போயிடும். விடிய எழும்பிச் சமைச்சுக்கொண்டு நிப்பா.

இதுதான் பித்தப்பை நோவின்ட குணம். ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல பித்தநீர் சுரக்குது. அதில கொஞ்சத்தை, 30 முதல் 50 மில்லிலீற்றர் வரைக்கும், பித்தப்பை சேர்த்து வச்சிருக்கும். கொழுப்புள்ள சாப்பாடு குடலுக்குள்ள வந்ததும் பை சுருங்கி அதை வெளிய தள்ளும். உள்ளுக்குக் கல் இருந்து அது வாசலை அடைச்சா, பை சுருங்கச் சுருங்க நோகும். கல் விலகினா நோவு போயிடும். கல் போகாது. நோவு போனதைச் சுகம் என்று நினைக்கிற இடத்திலதான் நாங்கள் ஏமாறுறம்.

கடைசியில ஒரு டொக்டர் வயித்தை அமத்திப் பார்த்து ஸ்கேன் எழுதித் தந்தார். பத்து நிமிச வேலை. சாப்பிடாமப் போய்ப் படுத்தா போதும், பித்தப்பைக் கல்லைப் பிடிக்கிறதில அல்ட்ராசவுண்ட் மிகத் திறமான சோதனை. "நிறையச் சின்னக் கல்" என்றாங்கள். இந்தப் பத்து நிமிசத்துக்கு அம்மா ஒரு வருசத்துக்கு மேல காத்திருந்திருக்கிறா.

இனி வைத்தியம். ஊர் முழுக்க வைத்தியம்தான். ஒரு மாமி பொல்பலா அவிச்சுக் குடிக்கச் சொன்னா, பெரியம்மா வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னா. ரெண்டும் எங்கட சனம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்ற கைமருந்து. சிறுநீரகக் கல் மூத்திர வழியில இருக்கிறது, பித்தக்கல் ஈரலில இருந்து குடலுக்குப் போற வழியில இருக்கிறது. ஒரு வீட்டுத் தண்ணிக் குழாய் அடைச்சா பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்து என்ன பலன்? ரெண்டுக்கும் 'கல்' என்று ஒரே பேர் இருக்கிறதால வந்த குழப்பம் இது. 'பித்தம்' என்ற சொல்லும் அப்படித்தான். எங்கட நாட்டு வைத்தியத்தில பித்தம் என்றது வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில ஒன்று. ஸ்கேனில தெரியிற பித்தப்பை ஒரு உறுப்பு. "பித்தம் கூடிப்போச்சு, இஞ்சி குடி" என்று சொல்றவை இந்த ரெண்டையும் ஒன்றாக்கிடுறாங்கள்.

எல்லாத்தையும் விட மோசம் வட்சப்பில வந்த வீடியோ. ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சம் சாறும் ஒரே இரவில குடிச்சா விடியப் பச்சைக் கற்கள் வெளிய வருமாம். உண்மையாவே பச்சை உருண்டைகள் வரும். ஆனா அது பித்தக்கல் இல்லை. 2005இல 'லான்செட்' மருத்துவ இதழில நியூசிலாந்து வைத்தியர்கள் இப்படி வந்த உருண்டைகளைச் சோதிச்சு எழுதினாங்கள். அதில பெரும்பகுதி கொழுப்பமிலம். குடிச்ச எண்ணெய் வயித்துக்குள்ள சவர்க்காரம் மாதிரிக் கட்டிப்பட்டு வருது, அவ்வளவுதான். கல் இருக்கிற ஒருத்தர் ஒரே தரத்தில அவ்வளவு எண்ணெய் குடிச்சா பை இறுகச் சுருங்கும். கல் குழாய்க்குள்ள தள்ளுப்பட்டு மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரவும் இடமிருக்கு. இதைப் பகிர்றவைக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனா நல்ல எண்ணம் மருந்தாகாது.

அப்ப சாப்பாட்டால ஒன்றும் ஏலாதா? ஏலும், ஒரு அளவுக்கு. கொழுப்பைக் குறைச்சா பை இறுகச் சுருங்கிற தடவைகள் குறையும், நோவும் குறையலாம். எங்கட வீட்டில செய்தது இவ்வளவுதான்: மீனைப் பொரிக்காமப் புளிக்குழம்பு வச்சம். பருப்புக்கு முதல் பால் விடாம ரெண்டாம் பாலோட நிப்பாட்டினம். ரோல்ஸ், பற்றிஸ், கொத்து எல்லாம் விட்டம். ஒரே இருப்பில நிறையச் சாப்பிடாமக் கொஞ்சம் கொஞ்சமா நேரத்துக்குச் சாப்பிடப் பழக்கினம். கடைசியாச் சொன்னதுதான் அம்மாவுக்குக் கஷ்டம். பட்டினி கிடந்தா நல்லம் என்று அவ நினைச்சா. உண்மை மறுபக்கம்: நீண்ட நேரம் சாப்பிடாம இருந்தா பித்தநீர் பைக்குள்ளயே தேங்கித் தடிக்கும். கெதியா உடம்பை இளைக்க வைக்கிறதும் புதுக் கல் உண்டாக ஒரு காரணம். கொழுப்பை முழுசா நிப்பாட்டிறதும் புத்தியில்லை, பை வேலை செய்யவே மறந்திடும்.

ஆனா ஒன்றை நேராச் சொல்ல வேணும். சாப்பாடு நோவை ஆத்தும், கல்லைக் கரைக்காது. கல்லைக் கரைக்க ஒரு மாத்திரை இருக்கு, அர்சோடியொக்சிகோலிக் அசிட். அதுவும் சின்னக் கொலஸ்ட்ரோல் கல்லுக்கு மட்டும்தான், மாதக்கணக்கில குடிக்க வேணும், நிப்பாட்டினா ஐந்து வருசத்துக்குள்ள கிட்டத்தட்ட அரைவாசிப் பேருக்குத் திரும்பக் கல் வருது.

அதுக்காக ஸ்கேனில கல் தெரிஞ்ச எல்லாரும் ஒப்பரேசனுக்கு ஓடவேணும் என்று நான் சொல்ல வரல்ல. வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கேக்க கல் தெரிஞ்சு, நோவே இல்லாட்டி, ஒன்றும் செய்யத் தேவையில்லை. கல் இருக்கிற பெரும்பாலானோர் அப்படித்தான். நோவு இருந்து, காய்ச்சல் காமாலை மாதிரிச் சிக்கல் இல்லாதவைக்கும் தெரிவு இருக்கு. பிரிட்டனில 434 பேரை ரெண்டாப் பிரிச்சு நடத்தின ஒரு ஆய்வு 2023 முடிவில வெளிவந்தது. ஒரு பகுதிக்கு ஒப்பரேசன், மறுபகுதிக்கு நோவுக்கு மருந்தும் சாப்பாட்டு ஆலோசனையும். ஒன்றரை வருசத்தில ரெண்டு பகுதியினரின்ட நோவிலயும் பெரிய வித்தியாசம் இருக்கல்ல. காத்திருந்தவையில நாலில ஒரு பங்குதான் ஒப்பரேசன் செய்தாங்கள். ஆனா அது ஒன்றரை வருசக் கணக்கு. காத்திருந்தவைக்கு நோவு கூடினா உடன போகக்கூடிய ஆஸ்பத்திரியும் வைத்தியரும் இருந்தாங்கள் என்றதையும் மறக்கக்கூடாது.

எங்களுக்கு அது இருக்கல்ல. அம்மாவுக்கு ஒப்பரேசன் திகதி கிடைச்சது 2022 ஏப்ரலில. அதுக்குக் கொஞ்சம் முந்தி, மார்ச் கடைசியில, மருந்துத் தட்டுப்பாட்டால பேராதனை போதனா வைத்தியசாலையில வழக்கமான சத்திரசிகிச்சைகளை நிப்பாட்டினாங்கள் என்று செய்தி வந்தது. நாங்கள் போன இடத்திலயும் "பிறகு வாங்க" என்றாங்கள். அந்தப் 'பிறகு' ஜூலை வரைக்கும் இழுத்தது. தேங்காயெண்ணெய் விலை ஏறினதால எங்கட வீட்டில பொரியல் தானா நின்றது, அது மட்டும்தான் லாபம்.

ஜூலையில ஒரு இரவு நோவு வந்து இறங்கவே இல்லை. ஆறு மணித்தியாலம் தாண்டிச்சு, குளிர் நடுக்கத்தோட காய்ச்சல். பெற்றோல் இல்லாம லேனில இருந்த த்ரீவீல் எல்லாம் நின்ற காலம். 1990க்கு அடிச்சம், அம்புலன்ஸ் வந்தது. அந்த நம்பரை எல்லா வீட்டிலயும் சுவரில எழுதி வைங்க. இந்த அறிகுறிகளையும் பக்கத்தில எழுதுங்க: ஐந்தாறு மணித்தியாலத்துக்கு மேல விடாத நோவு, காய்ச்சல், கண் மஞ்சளாகிறது, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போறது. இதில ஒன்று இருந்தாலும் கைமருந்தும் வேண்டாம், "விடியட்டும் பார்ப்பம்" என்றதும் வேண்டாம்.

இனி நான் சொல்ல வெக்கப்படுற விசயம். வாட்டில ஒரு படிவம் தந்தாங்கள், முழுக்கச் சிங்களத்தில. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது, எனக்குக் கதைக்க மட்டும் தெரியும். டொக்டர் அவசரத்தில விளங்கப்படுத்தினார். 'பித் கல்' என்றது எனக்கு விளங்கிச்சு, கல் கிட்டத்தட்ட எங்கட கல்தான். 'பித்தாஷய' என்றது விளங்கல்ல. கேக்கவும் கூச்சம். நான் அம்மாவுக்குச் சொன்னது, "கல்லை எடுக்கப் போறாங்கம்மா." அம்மா கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்து வச்சா. ஒப்பரேசன் நல்லா முடிஞ்சது, நாலு சின்ன ஓட்டை, மூன்றாம் நாள் வீடு. ரெண்டு கிழமைக்குப் பிறகு கிளினிக்கிலதான் அம்மாவுக்குத் தெரிய வந்தது, கல்லை மட்டும் இல்லை, பையையே எடுத்திருக்கிறாங்கள் என்று.

வரும் வழியில பஸ்ஸில அவ ஒன்றும் கதைக்கல்ல. வீட்டுக்கு வந்துதான் கேட்டா: "என்ட உடம்பில இருந்து ஒரு சாமானை எடுத்தா, எனக்குச் சொல்ல வேணாமா மகள்?"

பையை எடுத்தது சரியான வைத்தியம்தான். கல்லை மட்டும் எடுத்தா அந்தப் பை திரும்பக் கல் செய்யும். 1882இல பெர்லினில முதல் தடவை பித்தப்பையை வெட்டி எடுத்த கார்ல் லங்கன்புக் சொன்ன நியாயமும் இதுதான். 1985இல எரிஹ் மூஹே என்ற ஜெர்மன் வைத்தியர் அதையே சின்ன ஓட்டைகள் வழியாச் செய்து காட்டினார், இப்ப உலகம் முழுக்க அதுதான் வழக்கம். பை இல்லாம வாழலாம், பித்தநீர் ஈரலில இருந்து நேரா குடலுக்கு வடியும். சிலருக்குக் கொஞ்ச நாளைக்கு வயித்தோட்டம் இருக்கும், பிறகு அனேகமா எல்லாம் சாப்பிடலாம். குதிரைக்கும் பித்தப்பை இல்லை, எலிக்கும் இல்லை. இதையெல்லாம் நான் அம்மாவுக்குப் பிறகு சொன்னன். முதலிலயே சொல்லியிருந்தா அவ சிரிச்சுக்கொண்டே கையெழுத்து வச்சிருப்பா.

அதனால என்ட நிலைப்பாடு இதுதான். சாப்பாடா ஒப்பரேசனா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. ஆனா அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய ஆள் நோயாளி. அவ சொல்றதென்றா அவட மொழியில அவளுக்கு விளங்க வேணும். 1987இல 13ஆம் திருத்தத்தோட தமிழும் இந்த நாட்டின்ட அரச கரும மொழி. கொழும்பிலயும் அதைச் சுத்தியும் தமிழ் மட்டும் தெரிஞ்ச எத்தனையோ அம்மாக்கள் கிளினிக் வரிசையில நிக்கிறாங்கள். அவங்கட வயித்தை வெட்டுறதுக்கான படிவம் தமிழில இருக்கிறது சலுகை இல்லை. வாட்டில வேலை செய்றவையைக் குறை சொல்லி இதை எழுதல்ல. மருந்து இல்லாத நாட்களில அம்மாவைக் காப்பாத்தினது அவங்கள்தான், ஒரு சதமும் வாங்காம. ஆனா உயிரைக் காப்பாத்திறதும் விளங்கச் சொல்றதும் ஒன்றுக்கொன்று எதிரானதில்லை.

எங்கட வயசுப் பிள்ளைகளுக்கும் ஒன்று. வீட்டில மொழிபெயர்க்கிற ஆள் நாங்கள்தான். விளங்காத சொல்லை விளங்கினமாதிரிக் கடந்து போகாதீங்க. "திரும்பச் சொல்லுங்க டொக்டர், படம் கீறிக் காட்டுங்க" என்று கேளுங்க. அஞ்சு நிமிசம் பிந்தும், அவ்வளவுதான்.

அம்மா இப்ப நல்லா இருக்கிறா. பொரிச்ச மீனும் சாப்பிடுறா. போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா வயித்தைப் பிடிச்சுக்கொண்டு வந்து "கேஸ்டிக்" என்றா. அம்மா சமையலை விட்டுட்டு வந்து அவவை இருத்தி, எந்தப் பக்கம் நோகுது, சாப்பிட்டாப் பிறகா, தோளுக்கு ஏறுதா என்று ஒவ்வொன்றாக் கேட்டா. பிறகு மாத்திரைக் கார்டை வாங்கி மேசையில வச்சிட்டு, "முதல்ல ஸ்கேன் ஒன்று எடுங்க" என்றா.