நாலைந்து முறை பேசினால் சரியாகுமா?



குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எந்த லைனில் இருந்து இதைப் படித்தாலும் நீங்கள் என் சனம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த குடும்பத்துப் பெண் நான். இப்போது இங்கிலாந்தில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊருக்குப் பேசும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "கவுன்சிலிங் போகச் சொல்றாங்க. நாலைந்து தடவை பேசினா சரியாயிடுமா?"

சில முறை பேசினாலே பலருக்குச் சரியாகிறது. கோவாவில் சங்கத் என்ற தொண்டு நிறுவனம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் சோதித்தது. பேசியவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மனச்சோர்வு முற்றியவர்களோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து, விட்டுப்போன வேலைகளையும் பழக்கவழக்கங்களையும் ஒவ்வொன்றாக மறுபடி தொடங்க வைத்தார்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு 64 பேர் மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 பேர். 2017-ல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

உங்களுக்கு இது பொருந்துமா? உங்களை அழுத்துவது இன்னது என்று சொல்ல முடிகிறதா, பாருங்கள். 'அப்பா போனதிலிருந்து தூக்கமில்லை', 'சம்பள நாளில் டாஸ்மாக்கைத் தாண்டி வீட்டுக்கு வர முடியவில்லை' என்று சொல்ல முடிந்தால், எது மாற வேண்டும் என்பதும் தெரிந்தால், சொல்லித்தருவதை வீட்டில் செய்து பார்க்க மனமும் இருந்தால், தயங்காமல் போங்கள்.

காதில் குரல் கேட்கிறது, குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, சிறுவயதுக் கொடுமை இன்னும் துரத்துகிறது என்றால் நாலு அமர்வு போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். கை நடுங்கும் அளவுக்குப் போன குடியை டாக்டர் துணையின்றித் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. சாக வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கே உதவி தேடுங்கள். கொழுந்து விலை சரிந்ததால் வந்த கடனையும், புருஷன் அடிப்பதையும் கவுன்சிலிங் தீர்த்துவிடாது. அவற்றுக்குச் சங்கமும் சட்டமும் வேண்டும்.

கவுன்சிலிங்குக்காகத் தோட்டத்திலிருந்து ஊட்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால் முதல் நாளே கேளுங்கள்: "எத்தனை முறை வரணும்? அதற்குள் சரியாகலைன்னா என்ன செய்வீங்க?" இந்தக் கேள்விக்கு நல்ல ஆலோசகர் தெளிவாகப் பதில் சொல்வார். போக முடியாதவர்கள் 14416-க்குப் பேசலாம். டெலி மானஸ் என்ற இந்த அரசு சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஊரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஒருத்தர் கவுன்சிலிங் போகிறார் என்று தெரிந்தால் 'பைத்தியம்' என்று பேர் வைக்காதீர்கள். லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். அவர் போனில் பேசுகிற அரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் நில்லுங்கள். ஊட்டிக்குப் போகிற நாளில் பஸ்ஸில் துணைக்கு ஏறுங்கள். எட்டு முறை போக வேண்டியவர் இரண்டோடு நின்றுவிடாமல் இருக்க உங்கள் தயவு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்து மகள்