காவலுக்கு நாய், நாய்க்கு யார் காவல்?

கோம்பை என்றதும் ஊரோடு நாயினமும் நினைவுக்கு வரும். நம் கிட்டங்கிகளைக் காக்கும் கோம்பை, ராஜபாளையம் நாய்களுக்கு நாம் வைப்பதோ லேசான அலுமினியத் தட்டு. நாய் அதை மூக்கால் தள்ளிக்கொண்டே போகும். பாதிச் சோறு மண்ணில். கனமான, அகலமான கும்பாவே ஏற்றது.

அதைத் தரையிலேயே வைப்போம். உயர்த்தி வைத்த பாத்திரத்தில் தின்னும் பெரிய நாய்களுக்கு வயிறு உப்பிச் சுருளும் ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வு 2000-ல் தெரிவித்தது. அவசரமாக விழுங்கும் நாய்க்குச் சோற்றை இரு வேளையாகப் பிரித்து வைப்பது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியம் ஒன்று. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை நமக்குப் பெருமை; நாய்க்கு நஞ்சு. சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். உதிர்ந்த பழத்தையோ கழித்த கிஸ்மிஸையோ நாய்க்குப் போடாதீர்கள். வாடிக்கையாளரிடமும் சொல்லுங்கள். சரக்கைக் கொடுத்துக் காசை வாங்குவதோடு வியாபாரியின் கடமை முடிந்துவிடுவதில்லை.